கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!



ஆண்டு மலருக்கு நான் எழுத எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் என் அறை நண்பன் சிரித்துவிட்டான். "ஏன்டா, அமெரிக்காக்காரன் அவன் கட்சிக்குள்ள அடிச்சுக்கிறான். அதுல உனக்கும் எனக்கும் என்னடா வந்துச்சு? சி.என்.சி. மிஷினப் பத்தி எழுது, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தச் சண்டையைப் பற்றிப் படிக்கப் படிக்க, அது தொழிற்சாலையைப் பற்றிய சண்டை, தொழில் தெரிந்தவனைப் பற்றிய சண்டை என்றே எனக்குப் பட்டது. அப்படியென்றால் பாலிடெக்னிக் மாணவனுக்கு அது சம்பந்தமில்லாத விஷயமா? படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஒரே கூரை, இரண்டு அடுப்பு

அமெரிக்காவில் குடியரசுக் கட்சி பல காலம் முதலாளிகளின் கட்சி என்றே பெயர் எடுத்திருந்தது. வரியைக் குறை, வியாபாரத்தைத் தடுக்காதே, அரசாங்கமே ஒதுங்கி நில் என்பதுதான் அதன் மந்திரம். சரக்கு எல்லை தாண்டி வருவதும் நல்லது, வேலையாள் எல்லை தாண்டி வருவதும் நல்லது என்று அதில் பலர் நம்பினார்கள். முதலாளிகளின் நாளிதழான 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1984-ல், எல்லைகள் திறந்தே இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவிடலாம் எனத் தலையங்கம் தீட்டியது. 1986-ல் ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால், முறையான காகிதம் இல்லாமல் இருந்த ஏறக்குறைய 27 லட்சம் பேருக்குச் சட்டப்படி தங்கும் உரிமை கிடைத்தது.

இந்த மந்திரத்தை உள்ளே இருந்துகொண்டே எதிர்த்தவர் பாட் புக்கானன். 1992-ல் தன் சொந்தக் கட்சி ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்தே வேட்பாளர் தேர்தலில் குதித்தார். வெளிநாட்டுச் சரக்கும் வெளிநாட்டு ஆளும் தாராளமாக வந்தால் அமெரிக்கத் தொழிலாளியின் பிழைப்பு போய்விடும் என்பது அவர் வாதம். மெக்சிகோ, கனடாவோடு செய்துகொண்ட நாஃப்டா ஒப்பந்தத்தையும் எதிர்த்தார். அது 1994 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவில் 187-வது தீர்மானம் மக்கள் வாக்குக்கு வந்தது. சட்டப்படி வராதவர்களுக்கு அரசுப் பள்ளி, மருத்துவம் போன்ற சலுகைகளை மறுக்கும் தீர்மானம் அது. குடியரசுக் கட்சி ஆளுநர் பீட் வில்சன் அதை ஆதரித்தார். அதே கட்சியின் ஜாக் கெம்ப்பும் வில்லியம் பென்னட்டும் எதிர்த்தார்கள்! தீர்மானம் வாக்கில் ஜெயித்து, நீதிமன்றத்தில் தோற்றது. ஆக, இந்தச் சண்டைக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

புக்கானன் ஜனாதிபதி ஆகவில்லை. ஆனால் அவர் பேசிய பேச்சுக்குக் காலம் வந்தது. 2000-ல் அமெரிக்காவில் 1 கோடியே 70 லட்சம் அளவில் இருந்த தொழிற்சாலை வேலைகள், 2010-ல் 1 கோடியே 15 லட்சம் அளவுக்குச் சுருங்கின. சீனச் சரக்கு, ஆளைக் குறைக்கும் இயந்திரம், 2008-ன் பொருளாதார வீழ்ச்சி எல்லாம் சேர்ந்து அடித்த அடி அது. ஒஹையோ, மிச்சிகன் பக்கத்து ஊர்களில் ஒரு ஆலை மூடினால் டீக்கடை முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாமே மங்கிவிடும். அந்த மக்களைப் பார்த்து 2016 தேர்தலில் டொனால்ட் டிரம்ப் இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தார். தொழிற்சாலைகளைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பது ஒன்று. வெளியாள் வந்து குவிவதை நிறுத்துவேன் என்பது மற்றொன்று. ஓட்டு விழுந்தது, ஜெயித்தார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். ஓட்டுப் போட்டவர்களில் ஆலைத் தொழிலாளி உண்டு. பக்கபலமாக நின்றவர்களில் பண்ணை முதலாளி, ஓட்டல் முதலாளி, பிற்பாடு கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளி எல்லோரும் உண்டு. வேலைக்கு ஆள் குறைந்தால் தொழிலாளி கூலி உயரும் என்று எதிர்பார்க்கிறான். முதலாளிக்கோ தூக்கம் போகிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் புகை வராமல் இருக்குமா?

நம்ம ஊர்க்காரர் பெயர் அடிபட்டது

2024 டிசம்பரில் அந்தப் புகை வெளியே தெரிந்தது. மறுபடி ஜெயித்திருந்த டிரம்ப், செயற்கை நுண்ணறிவுத் துறைக்கு ஆலோசகராக ஸ்ரீராம் கிருஷ்ணனை அறிவித்தார். இவர் சென்னையில் பிறந்து, எஸ்.ஆர்.எம். கல்லூரியில் படித்தவர். நிரந்தரக் குடியுரிமை அட்டை வழங்குவதில் ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான் என்றிருக்கும் உச்சவரம்பை நீக்கினால் நல்லது என்று அவர் முன்பு எழுதியிருந்தார். அவ்வளவுதான்! டிரம்பின் தீவிர ஆதரவாளரான லாரா லூமர் கொதித்தெழுந்தார். அமெரிக்காவுக்கே முதலிடம் என்று சொல்லிவிட்டு இது என்ன நியமனம் என்று கேட்டார்.

பேச்சு எச்-1பி விசாவுக்குத் திரும்பியது. 1990-ல் வந்த சட்டம் உண்டாக்கிய விசா அது. ஆண்டுக்கு 65,000 பேர், அமெரிக்காவில் மேல்படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்பது கம்பெனிகளுக்கான வரம்பு. ஒப்புதல் பெறுகிறவர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர்கள். ஈலான் மஸ்க் இந்த விசாவை ஆதரித்துச் சண்டைக்கே வந்தார். விவேக் ராமசாமி ஒருபடி மேலே போய், அமெரிக்கப் பண்பாடே திறமையைவிட சராசரியைக் கொண்டாடுகிறது என்றார். ஸ்டீவ் பானன் இந்த விசாவையே ஒழிக்க வேண்டும் என்றார். கடைசியில் டிரம்ப், தமக்கு அந்த விசா பிடிக்கும் என்று சொல்லி முதலாளிகள் பக்கம் சாய்ந்தார்.

இதைப் படித்தபோது முதலில் எனக்கும் மஸ்க் பக்கம்தான் மனசு சாய்ந்தது. நம்ம பிள்ளைகளுக்காகப் பேசுகிறாரே! ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2014 கடைசியில் புளோரிடாவின் டிஸ்னி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் சுமார் 250 பேருக்கு வேலை போகும் என்று அறிவித்தார்கள். போவதற்கு முன் அவர்களில் பலர், தங்கள் இடத்துக்கு வரும் வெளிநாட்டவருக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. நண்பர்களே, ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பத்து வருஷம் நின்ற மெஷினில், நமக்குப் பதிலாக வந்தவனை நிறுத்தி, "இந்த லீவரை இப்படிப் பிடிப்பா" என்று நாமே சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதென்றால் வயிறு எரியாதா? அந்த எரிச்சலை இனவெறி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் 2025 தொடக்கத்தில் இதையேதான் சொன்னார்: இந்த விசாவால் லாபம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்று. அதே சமயம், அந்த டிசம்பரில் இந்தியர்கள் மீது வாரி இறைக்கப்பட்ட வசவுகளை எந்த நியாயமும் மூடி மறைக்காது. சம்பளத்தைப் பற்றிய கோபம் வேறு, தோலைப் பற்றிய வெறுப்பு வேறு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலக்குகிறவர்கள் அங்கே உண்டு என்பதுதான் வேதனை.

வயலில் இறங்குவது யார்?

கம்ப்யூட்டர் வேலைக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. அமெரிக்க வயல்களில் பயிர் வேலை செய்கிறவர்களில் பத்துக்கு நான்கு பேரிடம் முறையான காகிதம் இல்லை என்று அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் கணக்கெடுப்பே சொல்லியிருக்கிறது. 2025 ஜூனில் சோதனைகள் சூடுபிடித்தபோது, பல வருஷமாக இருக்கும் நல்ல வேலைக்காரர்கள் போய்விடுகிறார்கள் என்று விவசாயிகளும் ஓட்டல்காரர்களும் முறையிடுவதாக டிரம்பே எழுதினார். பண்ணைகளிலும் ஓட்டல்களிலும் சோதனையை நிறுத்திவைக்க உத்தரவு போயிற்று. உள்ளே இருந்த கடுமையான கோஷ்டி விடுமா? சில நாட்களிலேயே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒரே வாரத்தில் ஒரே அரசாங்கத்தின் இரண்டு முகம்!

ஜார்ஜியாவில் போட்ட விலங்கு

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஜார்ஜியா மாநிலத்தில் நடந்ததுதான். சவானா நகரத்துக்கு அருகே எல்லாபெல் என்ற ஊரில் ஹூண்டாய் நிறுவனம் பெரிய கார் தொழிற்சாலை கட்டியது. 2022-ல் அதைக் கொண்டுவந்ததில் குடியரசுக் கட்சி ஆளுநர் பிரையன் கெம்ப்புக்குப் பெருமை. மாநில வரலாற்றிலேயே மிகப் பெரிய தொழில் திட்டம் என்றார்கள். அதே வளாகத்தில் எல்.ஜி. நிறுவனத்தோடு சேர்ந்து பேட்டரி தொழிற்சாலையும் எழும்பிக்கொண்டிருந்தது.

2025 செப்டம்பர் 4 அன்று குடியேற்றத் துறை அதிகாரிகள் அங்கே புகுந்து 475 பேரைப் பிடித்தார்கள். அதில் 300-க்கு மேற்பட்டவர்கள் தென்கொரியர்கள். விசா விதியை மீறி வேலை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கை, இடுப்பு, கால் எல்லாவற்றிலும் சங்கிலி மாட்டி அழைத்துப்போன காட்சியை உலகமே பார்த்தது. அவர்களில் பலர் இயந்திரங்களைப் பொருத்தவும் ஓட்டிப் பார்க்கவும் வந்தவர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள்! தாமே புகார் கொடுத்ததாகச் சொன்ன உள்ளூர் அரசியல்வாதியும் குடியரசுக் கட்சிக்காரர்தான். கட்சியின் ஒரு கை பந்தி விரித்தது, மறு கை இலையை எடுத்தது.

316 கொரியர்கள் தனி விமானத்தில் ஊர் திரும்பினார்கள். தொழிற்சாலை இரண்டு மூன்று மாதம் தாமதமாகும் என்று ஹூண்டாய் சொன்னது. அதன்பிறகு டிரம்ப், முதலீடு செய்கிறவர்களைப் பயமுறுத்த விரும்பவில்லை, வெளிநாட்டு நிபுணர்கள் கொஞ்ச காலம் இருந்து எங்கள் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும் என்று எழுதினார். சரி, புத்தி வந்தது என்று நினைத்தால், செப்டம்பர் 19-ல் புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்தார். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 88 லட்சம் ரூபாய்! நவம்பரில் ஒரு டி.வி. பேட்டியில் லாரா இங்ரஹாம், நம் நாட்டிலேயே திறமைசாலிகள் நிறைய இருக்கிறார்களே என்று கேட்டபோது, சில திறமைகள் இங்கே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார் டிரம்ப். வேலையில்லாமல் வரிசையில் நிற்பவரைக் கொண்டுபோய் ஏவுகணை செய்ய விட முடியுமா என்றும் கேட்டார். உடனே அவர் ஆதரவாளர்களே கொந்தளித்தார்கள். அப்போது ஜார்ஜியாவின் பிரதிநிதியாக இருந்த மார்ஜரி டெய்லர் கிரீன், அந்த விசாவை ஒழிக்க மசோதா கொண்டுவருவேன் என்றார்.

அரம் பிடித்தவனுக்குத் தெரிந்த விஷயம்

முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரும்புத் துண்டை வைஸில் கட்டி, நாள் முழுக்க அரம் போட்டு, ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். மறுபடி அரம். மறுபடி வெளிச்சம். கடைசியில் இன்ஸ்ட்ரக்டர் பின்னால் வந்து நம் கையைப் பிடித்து, "முன்னால அழுத்துடா, திரும்ப இழுக்கும்போது விடு" என்று சொல்லிக்கொடுத்தபோதுதான் கோணம் வந்தது. தொழில் என்பது கையிலிருந்து கைக்குப் போவது. கற்றுக்கொடுக்கிறவன் பக்கத்தில் நின்றாக வேண்டும்.

அமெரிக்காவில் அந்தச் சங்கிலி பல ஊர்களில் அறுந்துபோயிருக்கிறது. ஆலை மூடியபோது இயந்திரம் மட்டுமா போயிற்று? கற்றுக்கொடுக்கும் மூத்த ஃபோர்மேனும் போனார், அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய பையனும் வேறு வேலைக்குப் போனான். இறக்குமதி வரி போட்டால் கட்டடம் திரும்ப வரலாம். கை திரும்ப வர பல வருஷம் ஆகும். அதுவரை தெரிந்தவன் வெளியிலிருந்து வந்து நின்று சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. தொழிற்சாலையும் வேண்டும், ஆனால் அதை ஓட்டத் தெரிந்தவன் வரக்கூடாது என்றால் எப்படி? கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

இதில் எனக்குத் தோன்றுவது ஒன்று உண்டு. அந்த வீட்டின் இரண்டு கோஷ்டியும் அமெரிக்கத் தொழிலாளியின் பெயரைச் சொல்லித்தான் சண்டை போடுகின்றன. ஒரு கோஷ்டி வெளியாளை விரட்டுவதிலேயே குறியாக இருக்கிறது. மற்றது வெளியாளை வைத்து வேலையை முடித்துக்கொள்ளப் பார்க்கிறது. உள்ளூர்ப் பையனை உட்கார வைத்துத் தொழில் கற்றுக்கொடுத்து, மரியாதையான சம்பளம் கொடுக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி மட்டும் நடுவில் அநாதையாகக் கிடக்கிறது. அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. 2025 ஜூனில் அதை 15 டாலராக்க மசோதா கொண்டுவந்தவர்களில் குடியரசுக் கட்சியின் ஜாஷ் ஹாலியும் ஒருவர் என்பது ஆறுதல். ஆனால் அந்தக் கட்சியில் அவர் பின்னால் நிற்கக் கூட்டம் இல்லை.

நமக்கு என்ன பாடம்?

நம்மைப் புகழ்கிறவன் எல்லாம் நம் நண்பன் இல்லை. எச்-1பி-யில் போனவருக்கு வேலை போனால் 60 நாளுக்குள் இன்னொரு கம்பெனி பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்ட வேண்டும். அப்படிப்பட்டவன் சம்பள உயர்வு கேட்கத் தயங்குவான், எதிர்த்துப் பேச மாட்டான். சில முதலாளிகளுக்கு நம்மைப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம். அதுபோல, நம்மை எதிர்க்கிறவன் எல்லாம் நம் விரோதியும் இல்லை. ஆலை மூடிய ஊரில் நிற்கும் அந்த வெல்டரும் நம் ஜாதிதான், தொழில் ஜாதி!

நாளை நம்மில் சிலர் கொரியாவுக்கோ, வளைகுடாவுக்கோ, அமெரிக்காவுக்கோ போகலாம். போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்டர் கையில் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது, அங்கே போய்ச் செய்யப்போவது என்ன வேலை, வேலையை விட்டால் எத்தனை நாள் தங்கலாம், இந்த மூன்றையும் கேளுங்கள். ஜார்ஜியாவில் சங்கிலி மாட்டப்பட்டவர்களில் பலர் தொழில் தெரிந்தவர்கள்தான். அங்கே பக்கத்தில் நிற்கும் உள்ளூர்ப் பையன் ஏதாவது கேட்டால் மறைக்காமல் சொல்லிக்கொடுங்கள். அவன் பிழைப்பை நாம் பறிக்க வரவில்லை என்பதை மேடைப் பேச்சைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

– மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு