உறை கிழிந்த பிறகு

சொந்த டொமைன் வைத்திருப்பவர்கள் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று ஆளுக்கொரு அலியாஸ் முகவரி கொடுப்போம். எல்லாம் வந்து விழுவது ஒரே பெட்டியில். குப்பை மெயில் வந்தால், முகவரியை வெளியே விட்டது யார் என்று உடனே தெரிந்துவிடும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு ஒருநாள் பிசகியது. வந்த மெயிலின் 'டூ' வரியில் யாரோ ஒருவர் முகவரி. ஹெட்டரை முழுதாகத் திறந்தேன். 'டெலிவர்டு-டூ' என்றொரு வரி இருந்தது. அதில் என் பெட்டியின் அசல் முகவரிதான். எந்த அலியாஸ் வழியாக நுழைந்தது என்பதைக் காணோம். யார் வைத்த வரி இது?

முதலில் 1982 ஆகஸ்டுக்குப் போனேன். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஆர்.எஃப்.சி. ஆவணங்களில், ஜான் போஸ்டல் எழுதிய 821 மெயிலைக் கொண்டுசேர்க்கும் முறை. டேவிட் கிராக்கர் எழுதிய 822 கடிதத்தின் வடிவம். சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் 'ஆர்.சி.பி.டி. டூ'தான் உறைமேல் முகவரி. நம் கண்ணில் படும் 'டூ' உள்ளே மடித்த தாளில் எழுதியது. அதில் யார் பெயரும் இருக்கலாம். அனுப்பியவரின் உறை முகவரியை 'ரிட்டர்ன்-பாத்' என்று குறித்துவைக்க வழி செய்தவர்கள், பெறுபவருக்கு அப்படியொரு தனி வரி வைக்கவில்லை. 'ரிசீவ்டு' வரியில் 'ஃபார்' என்று குறிக்கலாம், கட்டாயமில்லை. என் சர்வரில் இரண்டு முகவரிகளுக்கு ஒன்றாக வந்த மெயில் என்பதால் அதுவும் விடுபட்டிருந்தது.

'டெலிவர்டு-டூ'வின் தடம், டேனியல் பெர்ன்ஸ்டைன் 1990-களில் எழுதிய க்யூமெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் போய் நின்றது. அங்கே அதன் வேலையே வேறு. நான் உங்களுக்கும் நீங்கள் எனக்கும் ஃபார்வர்டு வைத்துவிட்டால் மெயில் செக்குமாடாய்ச் சுற்றும். தன் கையால் எழுதிய அதே வரி ஏற்கெனவே இருந்தால், க்யூமெயில் மெயிலைத் திருப்பியனுப்பிவிடும். வீட்ஸ வெனெமாவின் மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸும் அதே வரியை அதே காவலுக்கு வைத்துக்கொண்டது. அலியாஸைப் பிரித்த பிறகு மிஞ்சும் முகவரியை அதில் எழுதியது. பிரிப்பதற்கு முந்தைய முகவரிக்கு 'எக்ஸ்-ஒரிஜினல்-டூ' என்று இன்னொரு வரி உண்டு.

போஸ்ட்ஃபிக்ஸ் ஓடும் என் சர்வரில் அது ஏன் வரவில்லை? மாஸ்டர்.சி.எஃப். கோப்பில், பெட்டிக்குள் மெயிலைத் தள்ளும் 'பைப்' வரியைப் பார்த்தேன். 'ஃபிளாக்ஸ்' பட்டியலில் 'டெலிவர்டு-டூ'வுக்கான 'டி' இருந்தது, 'எக்ஸ்-ஒரிஜினல்-டூ'வுக்கான 'ஓ' இல்லை. சேர்த்தேன். பழைய மெயிலுக்கு லாக் கோப்புதான் கைகொடுத்தது. 'ஒரிக்_டூ' என்ற இடத்தில், ஒரு கடைக்கு மட்டும் நான் கொடுத்திருந்த அலியாஸ். அன்றே அதை நீக்கினேன்.

இத்தனை காலம் வழக்கத்தில் மட்டும் வாழ்ந்த 'டெலிவர்டு-டூ'வுக்கு 2022 ஏப்ரலில்தான் ஆர்.எஃப்.சி. 9228 வந்தது, அதுவும் 'பரிசோதனை' முத்திரையோடு. எழுதியவர், நாற்பது ஆண்டுக்கு முன் 822-ஐ எழுதிய அதே டேவிட் கிராக்கர்.