பெயர் காணிக்குத்தான்

அப்பம்மாவின் தகரப் பெட்டியில் காணி உறுதிகள் ஏழு இருந்தன. மடிப்புகளில் பூச்சி அரித்துவிட்டதால் விரிக்கும்போது உள்ளங்கையைக் கீழே கொடுத்துத்தான் விரிக்க வேண்டும். எல்லா உறுதிகளும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். முதலில் காணியின் பெயர், பிறகு பரப்பு, அதன் பின் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாலு எல்லை. இவற்றுக்குள் அடங்கிய நிலம், வீடு, பயன்தரு மரங்கள், பங்குக் கிணறு, அந்தக் கிணற்றுக்குப் போய்வரும் வழி, அதில் தண்ணீர் அள்ளும் உரிமை என்று நொத்தாரிசு மூச்சுவிடாமல் எழுதிக்கொண்டு போவார். உடையவரின் பெயர் நடுவில் எங்கோ ஓரிடத்தில் வரும்.

உறுதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒரு தலைமுறையில் உடையவர் கந்தர் வேலுப்பிள்ளை என்றால் அடுத்ததில் வேலுப்பிள்ளை நாகலிங்கம். கந்தர் போய்விட்டார். அதற்கடுத்ததில் வேலுப்பிள்ளையும் போய்விடுவார். காணியின் பெயர் மட்டும் முதல் உறுதி தொடங்கி ஏழாவது வரை ஓரெழுத்தும் மாறாமல் நிற்கிறது.

யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே வந்தால் கொக்குவில், கோண்டாவில் தாண்டி எங்கள் இணுவில். இன்னும் கொஞ்சம் போனால் மருதனார்மடம், அப்பால் சுன்னாகம். ஆறு கிடையாது, மலை கிடையாது. செம்மண்ணும் அதற்குக் கீழே சுண்ணக்கல்லும் கிணறுந்தான் ஊரின் சொத்து. வெங்காயமும் மரக்கறியும் இன்று விளையும் தோட்டங்களில் ஒரு காலத்தில் புகையிலைதான் ராசா. திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணப் புகையிலையின் காசில்தான் வலிகாமத்துச் செம்மண் ஊர்களின் நாற்சார வீடுகள் பல எழுந்தன. புலவர்கள் ஊரை இணுவை என்று சுருக்கிப் பாடினார்கள்.

ஊருக்குப் பெரிய குடும்பம் எது என்று கேட்டால் பழைய ஏடுகள் இரண்டு பெயரைச் சொல்லும். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில், யாழ்ப்பாண அரசனான ஆரியச் சக்கரவர்த்தி தமிழகத்திலிருந்து பிரபுக்களை வரவழைத்து ஊர் ஊராகக் குடியிருத்திய கதை உண்டு. திருநெல்வேலிக்குப் பாண்டி மழவன், மயிலிட்டிக்கு நரசிங்கதேவன் என்று போகும் அந்தப் பட்டியலில் இணுவிலுக்கு வருகிறவர் பேராயிரவன். அவரைப் பற்றி ஊர் நினைவில் கதை ஒன்றும் தங்கவில்லை. தங்கியது இரண்டாவது பெயர்: காலிங்கராயன்.

காலிங்கராயன் ஆளின் பெயரல்ல, பட்டம். சோழர் காலத்தில் தில்லையில் திருப்பணிகள் செய்த நரலோகவீரனுக்கும் அந்தப் பட்டம் இருந்தது. ஈரோட்டுப் பக்கம் பவானியிலிருந்து வாய்க்கால் வெட்டியவரும் காலிங்கராயனே. இவர்கள் எல்லோரும் ஒரே கொடி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அரசன் கொடுத்த பட்டம் ஆளை விட்டு நழுவி, பிள்ளைகளின் மேல் ஏறி, கடைசியில் பெயராகவே ஆகிவிடும் என்பதற்கு மட்டும் இது சாட்சி. இணுவில் காலிங்கராயனின் பெயரோடு ஊரார் சேர்த்துச் சொல்வது சிவகாமியம்மன் கோயிலை. அம்பாள் சிதம்பரத்திலிருந்து அந்தக் குடும்பத்தோடு வந்தவள் என்பது ஊர்க்கதை.

காலிங்கராயனின் மகன் கைலாயநாதன். நிலமும் அழகும் நீதியும் உள்ள இளைஞன் என்று கேள்வி. ஒருநாள் புளியமரத்தில் ஏறினான், அப்படியே மேலுலகம் போய்விட்டான், இறங்கவேயில்லை என்று ஊர் சொல்கிறது. அவனுக்கு இன்றும் ஊரில் கோயில் இருக்கிறது. கைலாயநாதன் கோயில் என்று சொல்லிக் கேட்டால் சின்னப் பிள்ளைகள் முழிப்பார்கள். இளந்தாரி கோயில் என்றால் கை காட்டுவார்கள். எங்கள் பேச்சில் இளந்தாரி என்றால் வாலிபன், அவ்வளவுதான். ஊரின் ஆகப் பெரிய நிலக்கார வீட்டுப் பிள்ளைக்கு அப்பன் பட்டமும் மிஞ்சவில்லை, தன் பெயரும் பாதிதான் மிஞ்சியது.

அந்தப் பாதிப் பெயரைக் காப்பாற்றியவர் இணுவில் சின்னத்தம்பிப் புலவர். கைலாயநாதனைத் தலைவனாக்கி, அவன்மேல் காதல் கொண்டவள் ஐந்து தூது விடுவதாகப் பஞ்சவன்னத்தூது பாடினார். ஒல்லாந்தர் ஒருமுறை அவரைச் சிறையில் போட, சிவகாமியம்மைமேல் பதிகம் பாடி வெளியே வந்தார் என்பார்கள். புலவருக்கு எத்தனை பரப்புக் காணி இருந்தது என்று எந்தக் கதையும் சொல்லவில்லை. ஆனால் ஊர்ப் பெயர் அவர் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இந்த ஊரில் பிறந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியை உலகம் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி என்றது. அவருக்கு ஒரு ஊர் போதாமல் குடாநாட்டையே கொடுத்துவிட்டார்கள் போலும்.

இங்கிலாந்தில் நிலைமையே வேறு. டெவன் மாவட்டத்தில் ஆக்லண்ட் என்று ஓரிடம். அங்கே நிலம் வைத்திருந்த குடும்பத்துக்கு 12ஆம் நூற்றாண்டிலேயே அந்த இடப்பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. மூத்தவனுக்கே நிலம் என்ற வழக்கம் நிலத்தையும் பெயரையும் சேர்த்துக் கட்டி வைத்தது. 1745இல் அந்த வீட்டுத் தோமஸ், டைக் குடும்பத்தின் வாரிசான எலிசபெத்தை மணந்தார். பெண்ணோடு நிலம் வந்தது, நிலத்தோடு பெயரும் வந்தது. அதன்பின் அவர்கள் டைக் ஆக்லண்ட். 1944இல் ஒரு வாரிசு கிலர்ட்டன், ஹோல்னிகோட் என்ற பெருநிலங்களைத் தேசிய அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுக்கும்வரை அந்தச் சொத்து சிதறவில்லை. டைக், ஆக்லண்ட் என்ற இரண்டு பெயரையும் தன் பெயரில் சுமந்த ஒருவர் எங்களையும் ஆண்டிருக்கிறார்: 1829 முதல் 1867 வரை யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் ஆக்லண்ட் டைக். யாழ்ப்பாணத்துப் பழைய பூங்காவின் மர நிழலில் நின்றவர்களெல்லாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

எங்கள் வழக்கம் தேசவழமை. ஒல்லாந்துத் திசாவை கிளாஸ் ஐசாக் 1707இல் அதைத் தொகுத்து எழுதினார். தமிழில் பெயர்த்து 12 முதலியார்களிடம் காட்ட, சரிதான் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பரம்பரையாக வருவது முதுசம், பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், கலியாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது தேடியதேட்டம். மூத்தவன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போக இதில் இடமில்லை. நல்ல காணியைத் தெரிந்து பெண்ணுக்கு முதலில் எழுதிவிட்டுத்தான் மிச்சத்தைப் பையன்கள் பார்ப்பார்கள். அப்பம்மாவின் ஏழு உறுதிகளில் நாலு சீதன உறுதி. இங்கேயும் பெண்ணோடு நிலம் வந்தது. ஆனால் அவள் வீட்டுப் பெயர் வரவில்லை, வருவதற்கு அப்படி ஒரு பெயரே கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் ஏறக்குறைய 16 பரப்பு. நாலு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 4 பரப்பு, பேரப்பிள்ளைகளுக்கு 1 பரப்பு. ஒரு பரப்புக்கு 18 குழி. அடுத்த பிரிவில் நாலரைக் குழிதான் கையில் வரும். ஒரு மாட்டுக்கொட்டிலும் வைக்கல் போரும் அதில் முடிந்துவிடும். கிணற்றைப் பிரிக்க முடியாதே, அதனால் இறைப்பு முறையைப் பிரித்தார்கள். இன்ன கிழமை இன்னாருக்கு என்று. எங்கள் வளவுக் கிணற்றில் எனக்கு உள்ள பங்கைப் பின்னமாகச் சொன்னால் சிரிப்பீர்கள். வெளியாருக்கு விற்கப் போனால் பங்காளர் முன்னே வந்து நிற்பார்கள். வாங்குவதில் அவர்களுக்கு முதல் உரிமை கொடுத்ததும் அதே தேசவழமைதான். நிலம் துண்டுபட்டாலும் சொந்தத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மச்சானுக்கு மச்சாளைக் கட்டி வைத்தது மற்றக் காரணம். அன்பினால் மட்டும் கட்டி வைத்ததாக நான் நம்பவில்லை.

காணிக்குப் பெயர் இப்படி நிலைத்ததற்குத் தோம்பும் காரணம். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய அந்தப் பதிவேடுகளில் ஆட்களுக்குத் தலைத்தோம்பு, நிலத்துக்குக் காணித்தோம்பு. வரி வாங்குகிறவனுக்கு மாறாத பெயர் ஒன்று வேண்டும். மனிதர்கள் தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டிருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்றால் பறங்கிப் பெயரும் ஏறியது. காணி மட்டும் ஓடாமல் ஒளியாமல் அங்கேயே கிடந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே தேசவழமையில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழியும்வரை ஆட்களும் சொத்துத்தான். புகையிலைக்குப் பட்டையில் தண்ணீர் இறைத்தவர்களும், துலாவில் ஏறி மிதித்தவர்களும், பனை ஏறியவர்களும் அப்பம்மாவின் உறுதிகளில் ஓரிடத்திலும் இல்லை. கிணறு யாருக்குப் பங்கு என்று எழுதிய நொத்தாரிசு, கிணற்றை யார் வெட்டினார்கள் என்று எழுதவில்லை.

யாழ்ப்பாணத்து அரசர்கள் மட்டும் கெட்டிக்காரர்கள். செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறி மாறிச் சூடிய சிம்மாசனப் பெயர்களை அவர்கள் பிள்ளையாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்துவிட்ட பிறகு அந்தப் பட்டங்களைத் தாங்க ஆளில்லை. இணுவிலில் இன்றும் செகராசசேகரப் பிள்ளையாருக்கும் பரராசசேகரப் பிள்ளையாருக்கும் விளக்கு எரிகிறது, பூசை நடக்கிறது.

கடைசியில் எங்களுக்கும் குடும்பப் பெயர் வந்து சேர்ந்தது, வெளிநாட்டு விண்ணப்பப் படிவம் வழியாக. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட முடியாது. அதில் ஒருவன் தகப்பன் பெயரைப் போட்டான், அவன் தம்பி வேறொரு நாட்டில் தன் பெயரையே போட்டான். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இப்போது இரண்டு குடும்பம். நாலரைக் குழிக்குப் புகையிலை நட்டுவிட்டுப் போன ஒரு கிழவனின் பெயர் ரொறன்ரோவில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடப் பையில் எழுதியிருக்கிறது.

போன தைப்பூசத்துக்கு அப்படி ஒரு பிள்ளை வந்திருந்தான், என் மருமகன் முறை. ஊர்க் கந்தசுவாமி கோயிலில் சுவாமி வலம்வரும் பெருமஞ்சம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய சந்நியாசியார் என்ற துறவி செய்வித்த மஞ்சம்; கழுத்து நோக அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அவனும் பார்த்தான். திரும்பி வரும்போது ஒழுங்கை முகப்பில், படலையில் சாய்ந்து நின்ற ஆச்சி மறித்தார்.

“மோனே, நீ ஆற்றை பெடியன்?”

பையன் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல் தன் குடும்பப் பெயரைச் சொன்னான். ஆச்சி கையை விரித்தார்.

“அந்தப் பேரிலை ஊரிலை பத்துப் பேர் இருந்தவை. எந்த வளவு?”

அவன் என்னைப் பார்த்தான். நான் காணிப் பெயரைச் சொன்னேன். ஆச்சியின் முகம் மலர்ந்தது. அவனுடைய பூட்டியின் சீதனக் கிணறு, அதன் துலா விழுந்த வருசம், யாருடைய மாடு அதில் தவறி விழுந்தது என்று தொடங்கிவிட்டார். நாங்கள் வீடு வந்து சேர இருட்டிவிட்டது.