சிவக்காத ஸ்லைடு

ஜீன் பரிசோதனை வந்த பிறகு, திசுவில் செம்பைச் சிவப்பாகக் காட்டும் ரோடனின் சாயம் எதற்கு என்று, என் பணி நிறைவு விருந்திலேயே ஓர் இளம் மருத்துவர் கேட்டார். ஈரலில் செம்பு சேரும் வில்சன் நோய்க்குக் காரணமான, 1993-இல் கண்டறியப்பட்ட ஏடிபி7பி மரபணுவின் பிழையை அந்தப் பரிசோதனை சொல்லும். ஆனால் செம்பு இன்று நோயாளியின் ஈரலை எந்த மட்டுக்கு அரித்திருக்கிறது என்பதைத் திசுவில்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பதும் எளிதல்ல. வில்சன் நோயின் தொடக்கத்தில் செம்பு மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செல் முழுக்கப் பரவிக் கிடக்கும். ரோடனினுக்கு அது சிக்காது. உலர் எடையில் கிராமுக்கு 250 மைக்ரோகிராம் செம்பைத் தாண்டிய ஈரல்கூட ஸ்லைடில் சிவக்காமல் நிற்கும். பின்னால் லைசோசோம்களில் திரண்ட பிறகே செந்துகள்கள் தெரியும். அதற்குள் கட்டுக்கு அடங்காத செம்பு ஹைட்ராக்சில் ரேடிக்கல்களைக் கிளப்பி, சவ்வின் கொழுப்பைக் கெடுத்து, மைட்டோகாண்ட்ரியாவின் மடிப்புகளை உப்ப வைத்திருக்கும். துகள் தெரியாத செல் நலமான செல் அல்ல.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் எங்கள் லேபின் மூத்த டெக்னீஷியன். பிறந்த சிசுவின் ஈரலில் இயல்பாகவே செம்பு மிகுதி. அந்த ஈரலின் மெழுகு பிளாக் ஒன்றைக் கன்ட்ரோலுக்கென்று பூட்டி வைத்திருப்பார். "கன்ட்ரோல் சிவக்காம நோயாளி ஸ்லைடைப் பார்க்காதே" என்பார். பஃபர் செய்யாத ஃபார்மலினில் வந்த துண்டைக் கண்டால் முகம் சுளிப்பார். அமிலம் செம்பைக் கரைத்துவிடும். ஸ்லைடு 37 டிகிரியில் ராத்திரி முழுக்கச் சாயத்தில் ஊறினால்தான் அவருக்குத் திருப்தி.

ஆர்சீன் என்ற இன்னொரு சாயமிட்ட பழைய ஸ்லைடுகளையும் அவர்தான் காட்டினார். இந்தியக் குழந்தைகளைக் கொன்ற சிரோசிஸ். செல்லுக்குச் செல் கரும்பழுப்புத் துகள்கள். ஈரலில் இத்தனை செம்பு எப்படி வந்தது என்ற கேள்வி, 1980-களில் புனே ஆய்வாளர்களை அடுக்களைவரை கொண்டுபோனது. ஈயம் பூசாத பித்தளையில் காய்ச்சிய பாலைச் சந்தேகித்தார்கள். பித்தளைப் பாத்திரம் ஒதுங்க, நோயும் ஏறக்குறைய ஒழிந்தது. சாயம் எதற்கு என்று கேட்பவர்கள் இதைப் படித்ததே இல்லை.

இப்போது மைக்ரோவேவில் சில நிமிடங்களில் ஸ்டெயின் முடிகிறது. கன்ட்ரோல் போடுவதில்லை. "செம்பு இல்லை" என்று ரிப்போர்ட் போகிறது. ரோடனினில் தெரியவில்லை என்றல்லவா எழுத வேண்டும்? அதை நம்பி, செம்பை வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்து தள்ளிப்போனால் ஈரல் காத்திருக்குமா? மெழுகு பிளாக்கில் மிஞ்சிய துண்டிலேயே செம்பை அளக்கலாம். அளந்து பாருங்கள் என்று ஒரு வரி சேர்க்கும் ரிப்போர்ட் என் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது.