ஊசி முனையில் ஒரு பாட்டு

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)

ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் பல்லில் துகள் அடைத்துக்கொண்டால் என்ன செய்வோம்? வயர் பிரஷ்ஷை எடுத்து, பல் ஓடும் பக்கமாகவே இழுத்து ஃபைலைச் சுத்தம் பண்ணுவோம். ஃபைலை அப்படியே விட்டுவிட்டு ஜாப்பை ஆசிடில் முக்குவோமா? நண்பர்களே, அடியேன் அதைத்தான் செய்தேன்! (சிரிக்காதீங்க. முழுசாப் படிச்சிட்டுச் சிரிங்க.)

எங்கள் வீடு கடலூர் ஓ.டி.யில். தாத்தா அந்தக் காலத்து மைக்செட்காரர். கல்யாணம், காது குத்து, செடல் திருவிழா எதுவானாலும் தென்னை மரத்தில் புனல் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு ரெக்கார்டு போடுவாராம். அவர் போன பிறகு மிச்சம் இருப்பது பெட்டிபோல் மூடுகிற ஒரு எச்.எம்.வி. பிளேயரும், ஒரு மரப்பெட்டி நிறைய 78 தட்டுகளும்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து அந்தப் பெட்டியும் நனைந்தது. துடைத்துப் பரணில் ஏற்றியதோடு சரி. உப்புக் காற்றும் பூசணமும் மற்றதைப் பார்த்துக்கொண்டன.

போன பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பெட்டி கீழே வந்தது. ஆயா ஒரு தட்டைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். பராசக்தியில் (1952) சிவாஜிக்குப் பாடினாரே, சிதம்பரம் எஸ். ஜெயராமன், அவர் பாடிய தட்டு.

"எங்க கல்யாணத்துல மாப்பிள்ளையும் அவருதான், மைக்செட்டும் அவருதான். தாலி கட்டிட்டு எழுந்து போய் இந்தப் பாட்டைப் போட்டாரு. நீ கரண்டு படிப்புதானே படிக்கிற, போட்டுக் காட்டேன்டா" என்றார்.

மூன்று வருடப் படிப்புக்கு வந்த சோதனை! கண்டென்சர் ஒன்றை மாற்றினேன், மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன், ஓடியது. ஆனால் பாட்டு வரவில்லை. கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி கொரகொரவென்று ஒரு சத்தம். தட்டுதான் அழுக்கு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். 'ரெக்கார்டை ஆல்கஹாலால் துடைக்கலாம்' என்று எங்கோ பார்த்த ஞாபகம். மெடிக்கல் ஷாப்பில் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி, பஞ்சில் நனைத்து, அழுத்தித் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. அடடா, எவ்வளவு அழுக்கு என்று சந்தோஷப்பட்டு இன்னும் துடைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் பளபளப்பே இல்லை, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. போட்டேன். வெறும் இரைச்சல். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

தாத்தாவோடு தொழில் செய்த பெரியவர் ஒருவர் சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிளேயரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் ஏறினேன். பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டும் வரை என்ன பொய் சொல்லலாம் என்றே யோசித்தேன். கடைசியில் உண்மையைத்தான் சொன்னேன்.

"ஆசாரி மரத்துக்குப் பாலிஷ் போட அவலரக்கை எதுல தம்பி கரைப்பான்?"

"ஸ்பிரிட்ல..." என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. 78 தட்டு என்பதே அரக்கும் கல்மாவும்தான். வினைல் எல்.பி.க்குச் சொன்ன வைத்தியத்தை அரக்குத் தட்டுக்குச் செய்து பள்ளத்தையே கரைத்திருக்கிறேன்! பஞ்சில் வந்த கறுப்பு அழுக்கல்ல, பாட்டு.

அவர் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டோன் ஆர்மைத் தூக்கி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். ஊசி முனையில் ஒரு பஞ்சு உருண்டை! தூசியும் பூசணமும் அரக்குத் துகளும் சேர்ந்து கெட்டியாகி இருந்தது. விரலால் தட்டிவிடப் போனேன். கையில் ஓர் அடி விழுந்தது. விரல் எண்ணெய் பட்டால் இன்னும் தூசி ஒட்டும், ஊசித் தண்டும் வளையும் என்றார்.

முதலில் வால்யூமைக் குறைத்தார். இல்லாவிட்டால் பிரஷ் படும்போது ஸ்பீக்கர் இடிக்கும். பெயிண்டிங் பிரஷ் ஒன்றின் முடியைக் குட்டையாக வெட்டி வைத்திருந்தார். பின்னாலிருந்து முன்னால், அதாவது தட்டு ஓடும் திசையில் மட்டும், நாலு இழுப்பு. எதிர்ப்பக்கமோ குறுக்கேயோ இழுத்தால் தண்டு போய்விடும். உருண்டை பாதி வந்தது. மிச்சத்துக்கு பிரஷ் நுனியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, மறுபடி இரண்டு இழுப்பு. ஸ்பிரிட் மேலே ஏறினால் முனையை ஒட்டிய பசையும் பின்னால் இருக்கும் ரப்பரும் கெட்டுவிடுமாம். ஆக, ஸ்பிரிட்டும் தேவைதான். நான்தான் அதை இடம் மாற்றிப் போட்டேன்.

ஊசியைத் திருப்புகிற சின்னக் குமிழ் 78 பக்கம்தான் இருந்தது, நல்ல வேளை. 78 ஊசி முனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான், எல்.பி.க்கு சுமார் 25. மெல்லிய ஊசியை அகலப் பள்ளத்தில் விட்டால் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் படிக்கும். சாவி கொடுக்கிற கிராமபோன் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை, ஒரு பக்கத்துக்கு ஒரு இரும்பு ஊசி, தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார் பெரியவர். தட்டில் இருக்கும் கல்மாவே அந்த ஊசியைத் தேய்த்துவிடுமாம். நான் ரயிலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 செ.மீ. தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றினால், விளிம்பில் விநாடிக்கு ஒரு மீட்டர் வருகிறது. மூன்று நிமிடப் பாட்டுக்கு ஊசி நூறு மீட்டருக்கு மேல் உரசிக்கொண்டு ஓடுகிறது. தூசியை அள்ளாமல் என்ன செய்யும்?

கிளம்பும்போது அவர் கேட்டார். "ரெண்டு பக்கமும் துடைச்சியா?"

இல்லை. ஒரு பக்கம்தான்!

அன்று இரவே மறுபக்கத்தைச் சோப்புத் தண்ணீர் சொட்டிய ஈரத் துணியால், லேபிள் நனையாமல், பள்ளத்தின் வாட்டத்திலேயே துடைத்து உடனே ஒற்றினேன். ஊசியை வைத்தேன். முதலில் சரசரப்பு, அப்புறம் குரல். மூக்கும் தொண்டையும் சேர்ந்த அந்தக் குரல் கூடத்தை நிறைத்தது. ஆயா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"இது பின்பக்கப் பாட்டுடா."

"தெரியும் ஆயா. அந்தப் பக்கம் இனிமே வராது. நான்தான்..."

"இதை அவரு அவ்வளவாப் போட மாட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இன்னொரு வாட்டி போடு."

பெரியவர் கொடுத்தனுப்பிய பிரஷ்ஷை எடுத்து, வால்யூமைக் குறைத்து, ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தேன்.