ஒரே விதை... தேஜ்பூரில் முழுக் காரம், குவாலியரில் பாதிக் காரம்! - பூத் ஜோலோக்கியாவின் ஊர் ஊரான பயணம்

பிரம்மபுத்திரா நதியின் வடகரையில் இருக்கிறது தேஜ்பூர். அஸ்ஸாமிய மொழியில் 'தேஜ்' என்றால் ரத்தம். பாணாசுரன் தன் மகள் உஷையைச் சிறைவைத்து, சுற்றிலும் நெருப்பு வளையம் போட்ட இடம் என்று ஒரு குன்றைக் காட்டுகிறார்கள் ஊர்க்காரர்கள். அதன் பெயர் அக்னிகர், அதாவது நெருப்புக் கோட்டை. சிறைப்பட்ட அநிருத்தனை மீட்க கிருஷ்ணரே வந்து போரிட்டார், அப்போது ஓடிய ரத்தத்தால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்கிறது புராணக் கதை.

ரத்தமும் நெருப்பும் பெயரிலேயே இருக்கும் இந்த ஊரை, 2000-ம் ஆண்டில் உலகமே திரும்பிப் பார்த்தது. காரணம், ஒரு மிளகாய்!

டி.ஆர்.டி.ஓ-வின் ஆய்வகம் ஒன்று தேஜ்பூரில் இயங்குகிறது. அங்குள்ள விஞ்ஞானிகள், வடகிழக்கு மாநிலங்களில் காலங்காலமாக வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கப்படும் மிளகாய் ஒன்றின் காரத்தை அளந்து பார்த்தார்கள். வந்த எண் 8,55,000 ஸ்கோவில். அப்போது உலகின் மிகக் காரமான மிளகாய் என்ற கின்னஸ் பட்டம் 'ரெட் சவினா' என்ற அமெரிக்க ரகத்திடம் இருந்தது. அதற்குச் சொல்லப்பட்ட எண் 5,77,000தான்.

அஸ்ஸாமில் இந்த மிளகாய்க்கு பூத் ஜோலோக்கியா என்று பெயர். 'ஜோலோக்கியா' என்றால் மிளகாய். விஷ மிளகாய் என்ற அர்த்தத்தில் 'பி ஜோலோக்கியா' என்றும் சொல்வார்கள். மணிப்பூரில் இது உமோரோக். நாகாலாந்தில் ராஜா மிர்ச்சா. கட்டைவிரல் நீளம், சுருங்கிய தோல், பழம்போல ஒரு வாசனை. ஒரு வீட்டுக்கு ஒரு வேளைக்குச் சின்னத் துண்டு போதும்.

சர்க்கரைத் தண்ணீரில் பிறந்த கணக்கு

ஸ்கோவில் என்பது ஒரு மனிதரின் பெயர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த வில்பர் ஸ்கோவில், 1912-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். மிளகாயின் சாற்றை ஆல்கஹாலில் இறக்கி, அதைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து ஐந்து பேரிடம் சுவைக்கக் கொடுத்தார். காரம் தெரிகிறது என்றால் இன்னும் தண்ணீர் சேர்ப்பார். பெரும்பாலானவர்களுக்குக் காரமே தெரியாமல் போகும் வரை எத்தனை மடங்கு தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கிறதோ, அதுதான் அந்த மிளகாயின் எண்.

நாக்குக்கு நாக்கு வித்தியாசம் இருக்கும் அல்லவா? அதனால் இப்போது ஹெச்.பி.எல்.சி என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். மிளகாயைக் காயவைத்துப் பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து, அதிலிருக்கும் கேப்சைசின் வகைக் காரப்பொருள்களின் அளவைக் கருவி சொல்லிவிடும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று வரும் எண்ணை ஏறக்குறைய 16-ஆல் பெருக்கினால் ஸ்கோவில் கிடைத்துவிடும். சுத்தமான கேப்சைசினின் எண் 1.6 கோடி. அப்படிப் பார்த்தால் 10 லட்சம் ஸ்கோவில் மிளகாயைக் காயவைத்துப் பொடித்தால், 100 கிராம் பொடியில் சுமார் 6 கிராம் காரப்பொருள் மட்டுமே இருக்கும்!

குவாலியரில் நடந்தது என்ன?

தேஜ்பூரின் மிளகாயை மத்தியப் பிரதேசத்தின் குவாலியரில் விளைவித்துப் பார்த்தார்கள் விஞ்ஞானிகள். 2005-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு ஆச்சர்யமானது. செடி வளர்ந்தது, காய்த்தது. ஆனால், காரம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது! தேஜ்பூரில் மழையும் ஈரப்பதமும் அதிகம். குவாலியரில் இரண்டும் குறைவு.

சரி, வறண்ட ஊரில் காரம் குறையும் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் முடியாது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் லாஸ் க்ரூஸஸ் என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் பாலைவனம், பாசனத்தை நம்பித்தான் விவசாயம். அங்குள்ள நியூ மெக்ஸிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மிளகாய் ஆராய்ச்சி மையத்துக்கு 2001-ல் பூத் ஜோலோக்கியா விதைகள் போய்ச் சேர்ந்தன. பேராசிரியர் பால் போஸ்லாண்ட் குழுவினர் சில ஆண்டுகள் விதையைப் பெருக்கி, 2005-ல் வயலில் நட்டு அளந்தார்கள். கிடைத்த எண் 10,01,304. பத்து லட்சத்தைத் தாண்டிய அந்த எண்ணை 2007-ல் கின்னஸ் அங்கீகரித்தது.

அதே வயலில் பழைய சாம்பியன் ரெட் சவினாவும் வளர்ந்தது. அதன் எண் 2,48,556தான் வந்தது. பட்டம் வாங்கியபோது சொல்லப்பட்ட எண்ணில் பாதிகூட இல்லை!

மழை, ஈரம், மண், வெயில், பாசனம், காய் பறிக்கும் பருவம் என எல்லாமே காரத்தின் கணக்கில் சேர்கின்றன. மிளகாய்க்குக் காரத்தைக் கொடுப்பது விதை மட்டுமல்ல, அது வளரும் ஊரும்தான்.

ராஜாவின் ஊர்

இந்த உண்மை நாகாலாந்து விவசாயிகளுக்குச் சோறு போடும் விஷயம். அங்குள்ள மலைச்சரிவுகளில் விளையும் நாகா மிளகாய்க்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021 ஜூலையில் பெரேன் மாவட்டத்தின் டெனிங் பகுதியில் பறித்த ராஜா மிர்ச்சா, குவாஹாத்தி வழியாக லண்டனுக்கு விமானம் ஏறியது. விதையை யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். அந்த மலையின் மழையை வாங்க முடியாதே! நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் கிடைத்த புவிசார் குறியீட்டுக்குப் பின்னாலும் இதே நியாயம்தான் இருக்கிறது.

கின்னஸ் பட்டம் இப்போது பூத் ஜோலோக்கியாவிடம் இல்லை. 2013-ல் கரோலினா ரீப்பர், 2023-ல் 26,93,000 ஸ்கோவிலுடன் பெப்பர் எக்ஸ் என்று அமெரிக்க ஒட்டு ரகங்கள் முந்திவிட்டன. ஆனால், இவை ஒருவர் திட்டமிட்டு உருவாக்கியவை. வடகிழக்கு மிளகாயோ, தலைமுறை தலைமுறையாகப் பாட்டிகள் விதை எடுத்து வைத்துக் காப்பாற்றியது.

உங்கள் மாடித்தோட்டத்தில் வளர்க்கிறீர்களா?

இந்த விதைகள் இப்போது ஆன்லைனில் கிடைக்கின்றன. பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் '10 லட்சம்' என்ற எண், உங்கள் தொட்டிச் செடிக்கான உத்தரவாதம் இல்லை. அளந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால், இவற்றைக் கவனியுங்கள்.

* ஒரு காயை மட்டும் அளந்தால் கணக்கு தப்பும். 2012-ல் லாஸ் க்ரூஸஸில் 'மொருகா ஸ்கார்ப்பியன்' ரகத்தை அளந்தபோது சராசரி சுமார் 12 லட்சம். ஆனால், தனிச்செடிகள் சில 20 லட்சத்தைத் தொட்டன. எனவே, பல செடிகளிலிருந்து நன்கு பழுத்த காய்களைப் பறித்து, ஒன்றாகக் காயவைத்துக் கொடுங்கள்.

* மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டுக்கு சென்னை, தூத்துக்குடி, கொச்சி, குண்டூர் ஆகிய ஊர்களில் தர ஆய்வகங்கள் உள்ளன. கட்டணம், தேவைப்படும் பொடியின் அளவு ஆகியவற்றை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

* வெறும் கையால் நறுக்க வேண்டாம். சாதாரண மிளகாயில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் காரம் அதிகம். இந்த ரகங்களில் உள்தோல் முழுக்கவே காரப்பைகள் இருக்கும். விதையை நீக்கினாலும் காரம் போகாது.

* வீட்டுக்குள் வறுக்கவோ, மிக்ஸியில் அரைத்து உடனே மூடியைத் திறக்கவோ கூடாது. நெடி தாங்காது. குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

* நாக்கு எரிந்தால் தண்ணீர் உதவாது, கேப்சைசின் அதில் சரியாகக் கரையாது. பாலோ தயிரோ சாப்பிடுங்கள். கையில் பட்டால் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடவே வேண்டாம்.

அளந்து பார்த்து வரும் எண் பத்து லட்சமாக இருக்கலாம், ஐந்து லட்சமாகவும் இருக்கலாம். குறைந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். அது தேஜ்பூரின் எண் இல்லை, லாஸ் க்ரூஸஸின் எண்ணும் இல்லை. உங்கள் மாடியின் வெயிலும் நீங்கள் ஊற்றிய தண்ணீரும் சேர்ந்து போட்ட கணக்கு!