மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள்

147,573,952,589,676,412,927.

படிக்கவே மூச்சு முட்டும் இந்த 21 இலக்க எண்ணை உண்டாக்குவது சுலபம். முதல் நாள் ஒரு நெல், மறுநாள் இரண்டு, அடுத்த நாள் நான்கு என்று இரட்டிப்பாக்கிக் குதிரில் போட்டுக்கொண்டே வந்தால், 67-வது நாள் முடிவில் மொத்தம் இவ்வளவு நெல் சேர்ந்திருக்கும்.

உண்டாக்கிவிடலாம். ஆனால், இதைவிடச் சிறிய இரண்டு எண்களின் பெருக்கலாக இதை உடைக்க முடியுமா? முடியாது, இது பகா எண் என்று 1644-ல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் தன் பட்டியலில் சேர்த்தார். அது தவறு என்று 1876-ல் நிரூபித்தார் எதுவார் லூக்கா. வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணால் வகுபடும் என்பதை அவருடைய சோதனை சொல்லாது. பூட்டு திறக்கும் என்று தெரிந்துவிட்டது, சாவிதான் கிடைக்கவில்லை.

1903 அக்டோபர் 31, சனிக்கிழமை. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போனார். 67 இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்து எழுதினார். பலகையின் மறுபக்கத்தில் 193,707,721 என்ற எண்ணையும் 761,838,257,287 என்ற எண்ணையும் எழுதி, பள்ளிப் பிள்ளைபோல வரிவரியாகப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றே. ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்தார். அரங்கம் கைதட்டியது.

எவ்வளவு நாள் ஆனது என்று பின்னர் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இதை எழுதிவைத்தவர் இ.டி.பெல். கதைக்கு மெருகேற்றுவது அவர் வழக்கம்தான். ஆனால் பெருக்கலுக்கு மெருகு தேவையில்லை. யாரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். (செல்போன் கால்குலேட்டரில் கடைசி இலக்கங்கள் காணாமல் போகக்கூடும்.)

அந்த ஞாயிறுகளில் கோல் சும்மா வகுத்துக்கொண்டிருக்கவில்லை. இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எந்த எண்ணும், 134-ஆல் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். இது ஃபெர்மா காலத்திலேயே தெரிந்த விதி. ஆக 135, 269, 403 என்று வரிசையாகச் சோதிக்கலாம். ஆனால் கோலின் சிறிய எண் அந்த வரிசையில் 14,45,580-வது! ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால், தூங்காமல் உட்கார்ந்தாலும் 27 வருடம். அவர் மேலும் பல விதிகளைச் சல்லடையாகப் போட்டு, வேண்டாதவற்றைக் கொத்துக் கொத்தாகக் கழித்தார். உண்மையில் கைதட்ட வேண்டியது அதற்குத்தான்.

இன்று இதே வேலையை ஒரு கணினி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். ஆனால் 600 இலக்கங்களுக்கு மேல் போனால் கணினிக்கும் மூச்சு முட்டும். பெருக்குவது சுலபம், உடைப்பது கஷ்டம் என்ற இந்த வித்தியாசத்தை நம்பித்தான் இணையத்தில் ஆர்.எஸ்.ஏ. பூட்டு காவல் நிற்கிறது.

சங்கத்தின் செயலாளராகக் கால் நூற்றாண்டு உழைத்த கோல், ஓய்வுபெறும்போது தனக்குத் தந்த பணத்தைச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அதில் பிறந்த கோல் பரிசை 2008-ல் எண் கோட்பாட்டுக்காகப் பெற்றவர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மஞ்சுள் பார்கவா.