காலில் கட்டிய தப்பு

ஹொலிவூட் இசைப்படங்களைப் பற்றி இத்தகைய ஏடொன்றில் எழுதப் புகுவது நண்பர்கள் சிலருக்கு வியப்பையும், வேறு சிலருக்குச் சினத்தையும் தரக்கூடும். கூலி, காணி, வீடு என்று எழுத வேண்டிய விடயங்கள் மலைபோற் குவிந்து கிடக்கையில், பளபளக்கும் தரையிற் சுழன்றாடும் வெள்ளைக்கார நட்சத்திரங்களைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நாமும் நெடுங்காலம் அதே கேள்வியைக் கேட்டு வந்தவர்கள்தாம். பசித்தவனுக்குச் சோற்றுக்குப் பதிலாகக் கனவைப் பரிமாறும் தந்திரம் என்ற ஒற்றை வாக்கியத்தில் அப்படங்களுக்கெல்லாம் தீர்ப்பெழுதி வைத்திருந்தோம். அந்தத் தீர்ப்பை மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி செய்தது, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கழித்த ஓர் இரவு.

உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு அங்கே மாலை வேளைகளில் பாடம் சொல்லி வந்தோம். மேலைத்தேயச் சினிமா எவ்வாறு மக்களை மயக்குகிறது என்பதை விளக்கிக்காட்ட எண்ணி, இரவல் வாங்கிய படக்கருவியொன்றைக் கொண்டுபோய், வகுப்பறைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பழைய இசைப்படங்களிலிருந்து சில நடனக் காட்சிகளைத் திரையிட்டோம். செய்தி லயங்களுக்குப் பரவிவிட்டது. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள், தலையைப் போர்த்துக்கொண்டு, குழந்தைகளோடு வந்து அமர்ந்தனர். நமுனுகுல மலைப்பக்கமிருந்து இறங்கிய பனி முற்றத்தை மூடியிருந்தது. தோட்டத்தில் தப்படிக்கும் முதியவர் ஒருவரும் வந்திருந்தார். அவர் உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு அப்பால், தாழ்வாரத் தூணருகே நின்றுகொண்டார். ஏன் உள்ளே வரவில்லை என்று நாம் அப்போது கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

முதலிற் காட்டியது 1933ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபோர்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’. அந்த ஆண்டு அமெரிக்காவில் உழைப்பாளரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையற்றிருந்தனர். 1929இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி நம் மலைகளையும் விட்டுவைக்கவில்லை. தேயிலை விலை வீழ்ந்தது. தோட்டக் கூலி குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினர். உலகமெங்கும் உழைப்பவனின் கை வெறுங்கையாயிருந்த அந்தக் காலத்திலேதான் ஹொலிவூட் இசைப்படம் ஓங்கி வளர்ந்தது என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தோம்.

அப்படத்தின் நடனங்களை அமைத்தவர் பஸ்பி பேர்க்லி. முதலாம் உலகப் போரில் இராணுவ அதிகாரியாயிருந்து அணிவகுப்புகளை ஒழுங்கு செய்தவர் அவர். ஒரே உயரம், ஒரே உடை, ஒரே புன்னகை கொண்ட பெண்களை வரிசை வரிசையாக நிறுத்தி, மேலிருந்து படம்பிடித்து, மலர்களாகவும் சக்கரங்களாகவும் அவர்களை மாற்றிக் காட்டுவது அவரது பாணி. அவருடைய படங்கள் வருவதற்கு முன்பே, 1927இல், இத்தகைய மேடை நடனக் குழுக்களைக் குறித்து ஜெர்மானிய அறிஞர் சீக்பிரீட் கிரக்கவர் கட்டுரையொன்று எழுதினார். ஆலையில் இயங்கும் கைகளுக்கும் மேடையில் உயரும் அக்கால்களுக்கும் உள்ள ஒப்புமையை அவர் அதிலே சுட்டினார். இதையெல்லாம் விளக்க நாம் வாயெடுக்குமுன், பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி, “இது பெரட்டு மாதிரி இருக்கு சேர்” என்றாள். அறை முழுதும் சிரிப்பு எழுந்தது. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் நிரையாக நின்று பெயர் கொடுத்து, நிரை பிடித்து மலையேறி, நிரையிலேயே கொழுந்தெடுக்கும் தாயின் மகளுக்குக் கிரக்கவரின் கட்டுரை தேவைப்படவில்லை.

அடுத்து, 1936ஆம் ஆண்டின் ‘சுவிங் டைம்’. பிரெட் அஸ்டயரும் ஜிஞ்சர் ரொஜர்ஸும் ஆடினர். அறையில் சிரிப்பு அடங்கிப் புதியதோர் அமைதி பரவியது. ஆடுபவரின் தலை முதல் கால்வரை முழு உருவமும் திரையிலே தெரிய வேண்டும், ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டக்கூடாது என்பது அஸ்டயரின் பிடிவாதம். ஆகவே அங்கே நாம் காண்பது உறுப்புகளின் அணிவகுப்பன்று. முழு மனிதர் இருவர், ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து அசைகின்றனர். “அந்தப் புள்ளைக்கு உடம்பு காத்து மாதிரி” என்று பெருமூச்செறிந்தாள் ஒரு தாய். அவளுடைய முதுகை நாம் அறிவோம். கூடைக் கயிறு தலையில் பதித்த தழும்பையும் அறிவோம். அவளது உடல் நாள்தோறும் மாலையில் தராசின் முன் நிற்கிறது. எத்தனை கிலோ என்பதே அவ்வுடலைப் பற்றி உலகம் அவளிடம் கேட்கும் ஒரே கேள்வி. எவருடைய தராசுக்கும் கட்டுப்படாமல், தன் மகிழ்ச்சிக்காகவே அசையும் உடலொன்று உண்டு என்பதை அவள் அன்று கண்டாள். அது மயக்கமா? மயக்கமும்தான். ஆயினும் ஒரு நியாயமான கோரிக்கையும் அந்தப் பெருமூச்சில் இருந்தது. எட்டு மணி நேர வேலை கேட்டவர்கள் எஞ்சிய நேரத்தை எதற்காகக் கேட்டார்கள்? ஓய்வும் ஆட்டமும் பாட்டும் தொழிலாளிக்கு வெளியேயிருந்து வந்த ஆசைகளல்ல. கூத்தையும் பாட்டையும் விடாது காத்து வந்த இதே ஊவா மக்கள்தான், 1940ஆம் ஆண்டில், பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தமக்கெனத் தொழிலாளர் சபையொன்றைத் தெரிந்தெடுத்து நிருவாகத்தை நேர்நின்று எதிர்கொண்டவர்கள். பாட்டு அவர்களைத் தூங்க வைத்துவிடவில்லை.

பிறகு அப்பெண்களுக்கு இன்னொரு செய்தியையும் சொன்னோம். அப்படத்தின் இறுதி நடனம் ஒரே நாளில் நாற்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்ப ஆடப்பட்டுப் படமாக்கப்பட்டது. முடிவில் ரொஜர்ஸின் காலணிகளில் இரத்தம் கசிந்திருந்தது. காற்றுப்போல் தோன்றிய அந்த உடல் காற்றாவதற்குக் கொடுத்த விலை அது. திரை அந்த உழைப்பை மறைக்கிறது. மறைப்பதற்கே அத்தனை உழைப்பு. “நமக்கு அட்டை கடிச்சு ரத்தம், அவளுக்கு சப்பாத்து கடிச்சு ரத்தமா?” என்று கேட்டாள் அதே தாய். அவள் குரலில் கேலி இல்லை. தேநீர்க் கோப்பையை ஏந்துபவர் கண்ணுக்கு அட்டைக்கடி தெரிவதில்லை. நடனத்தைக் காண்பவர் கண்ணுக்குக் காலணியின் உட்புறம் தெரிவதில்லை. இவ்வுண்மையை ஒரு மணி நேரம் விரிவுரையாற்றினாலும் நாம் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டோம்.

இறுதியாக, 1943ஆம் ஆண்டின் ‘ஸ்டோமி வெதர்’. கறுப்பினக் கலைஞர்களையே முதன்மையாகக் கொண்டு எடுக்கப்பட்ட படம். அதில் நிக்கலஸ் சகோதரர் இருவர், நடனப் பள்ளி எதிலும் பயிலாதவர்கள், உயர்ந்த படிக்கட்டில் ஒருவரையொருவர் தாண்டித் தாண்டிக் குதித்து, கால்களை விரித்துத் தரையில் வீழ்ந்து, வீழ்ந்த வேகத்திலேயே எழுகின்றனர். அவர்களது காலணிகள் தரையில் எழுப்பும் தாளம் இசைக்குழுவின் ஒலியை மீறி எழுகிறது. இளைஞர்கள் கூவினர். அப்போதுதான் வாசற்பக்கம் பார்த்தோம். தாழ்வாரத்தில் நின்ற முதியவரின் விரல்கள் தூணின்மேல் அந்தத் தாளத்தை அப்படியே வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன.

படம் முடிந்து சனங்கள் கலைந்த பின் அவர் எம்மிடம் வந்தார். “மாஸ்டர், அந்தப் பையனுங்க ஆடல. கால்ல தப்பு அடிக்கிறாங்க. அவங்க பாட்டன் பூட்டன் கைய யாரோ கட்டிப் போட்டிருக்கணும்” என்றார்.

எழுத்தறியாத அம்மனிதர் சொன்னது வரலாறு. 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது பறையறைந்து மற்றவரைத் திரட்டினர். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. மறு ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அடிமைகள் முரசு வைத்திருப்பதையே தடை செய்தது. முரசு போயிற்று, தாளம் போகவில்லை. அது கையிலிருந்து உள்ளங்காலுக்கு இறங்கிற்று. அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளின் குதியாட்டமும், லங்காசயர் ஆலைத் தொழிலாளர் மரக்கட்டைச் செருப்பணிந்து ஆடிய ஆட்டமும் பின்னர் அதனோடு கலந்தன. இன்று உலகம் ‘டப்’ நடனம் என்று கொண்டாடும் கலையின் பிறப்பு இதுவே. ஆனால் அக்கலைக்குச் சொந்தக்காரருக்குக் கிடைத்ததென்ன? ‘சுவிங் டைம்’ படத்திலேயே அஸ்டயர், கறுப்பின நடன மேதை பில் ரொபின்சனுக்கு வணக்கம் செலுத்துவதாக எண்ணி, முகத்திலே கரி பூசிக்கொண்டு ஆடுகிறார். பாடகி லீனா ஹோர்ன் தோன்றும் காட்சிகள், தென் மாநிலங்களிற் காட்டும்போது வெட்டியெடுக்க வசதியாகக் கதையோடு ஒட்டாமல் தனியே அமைக்கப்பட்டன. தாளம் வேண்டும், தாளத்தைப் படைத்தவன் முன்வாசலால் வரக்கூடாது.

இவற்றை முதியவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே எம் நா தளர்ந்தது. அவர் அப்போதும் தாழ்வாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

நம் மலையகத்தில் தப்பின் கதை வேறு விதமானது. வேதனையில் மட்டும் ஒன்றானது. அங்கே முரசைப் பறித்தார்கள். இங்கே முரசையும் கூலிக்கு அமர்த்தினார்கள். இருள் பிரியுமுன் லயங்களை எழுப்பிப் பெரட்டுக்கு அழைத்தது தப்பொலியே. துரையின் கடிகாரத்துக்கு அந்தத் தோலே நாவாயிற்று. அதே தப்புத்தான், மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டதும், இரவில் வேறு குரலில் பேசியது. ரதி, மதன் வேடம் பூணுவோர் நோன்பிருந்து ஆட, சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிய, ரதி புலம்ப, அந்தப் புலம்பலுக்குத் துணைநின்றது தப்பு. கடல் கடந்து வந்து மலையேறியவர்கள் தம் இழப்புகளையெல்லாம் அந்த ஒப்பாரியிலே சேர்த்து அழுதிருக்கிறார்கள். காலையில் ஏவலின் குரல். இரவில் விடுதலையின் குரல். இரண்டையும் எழுப்பியது ஒரே கை. அந்தக் கைக்கு இரண்டு வேளையிலும் தீண்டத்தகாதது என்ற பெயரை வைத்தவன் துரையல்லன், நாம்தான்.

1948ஆம் ஆண்டில் வந்த எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வை நினைத்துப் பார்க்கலாம். ஹொலிவூட்டின் பிரமாண்டத்துக்குத் தமிழர் அளித்த விடை அது. அதன் புகழ்பெற்ற முரசு நடனத்தில், பெரும் பெரும் முரசுகளின் மேல் பெண்கள் ஆடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டு அரண்மனையைத் தாக்குகின்றனர். அதே ஆண்டு நவம்பரில் வந்த பிரசாவுரிமைச் சட்டம் நம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. திரையிலே முரசுக்குள்ளிருந்து படை வந்தது. லயத்திலே தப்பு ஆணியில் தொங்கியது. திரையின் முரசுக்குக் கைதட்டிய தமிழர், தம் வீட்டெல்லையில் ஒலித்த தப்பைச் சாவுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கினர். கலையைத் தொலைவிலே வைத்து வணங்கவும், அருகிலே வைத்து இழிக்கவும் சாதி நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

அந்த முதியவரின் பேரன் எம் வகுப்பிலேயே படித்துக்கொண்டிருந்தான் என்பதை அன்றிரவுதான் அறிந்தோம். பாட்டனார் வந்து எம்மோடு பேசியபோது அவன் விளக்கு வெளிச்சத்தை விட்டு விலகி இருளுக்குள் சென்றுவிட்டான். மூன்று ஆண்டுகளாகக் கலைவிழாக்கள் நடத்தியிருந்தோம். பரதத்துக்கு இடமிருந்தது, சினிமாப் பாட்டுக்கும் இடமிருந்தது. தப்புக்கு இடம் கொடுக்க வேண்டுமென்று எமக்கு ஒருமுறையேனும் தோன்றியதில்லை. முற்போக்கு என்ற சொல்லை நாளொன்றுக்குப் பத்து முறை உச்சரிக்கும் நாம், அந்தச் சிறுவனின் வெட்கத்தில் எமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. அவன் தப்பை வெறுப்பதிலும் நியாயமுண்டு. சாவு வீட்டில் அடிமைத் தொழிலாகச் சுமத்தப்பட்ட ஒன்றை, ‘உன் கலை, காப்பாற்று’ என்று அவன் தலையிலேயே மீண்டும் கட்டுவது இன்னொரு கொடுமை. வேண்டும்போது எடுக்கவும் வேண்டாதபோது வைக்கவும் உரிமையிருந்தால்தான் அது கலை. இல்லையேல் அது கட்டாய உழைப்பு.

ஆகவே, மாணவ நண்பர்களே, ஆசிரியத் தோழர்களே, இசைப்படங்களைக் கண்டு மகிழுங்கள். மகிழ்வது குற்றமன்று. மகிழ்ந்த பின், அந்தக் காலணிக்குள் யாருடைய இரத்தம், அந்தத் தாளத்துக்குப் பின்னால் யாருடைய கட்டுண்ட கை என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைத் திரையோடு நிறுத்தாமல் உங்கள் பள்ளிக்கூடத்து வாசலுக்கும் கொண்டு வாருங்கள்.

அடுத்த மாசியில் முதியவரை வகுப்பறைக்கு அழைத்தோம். முதலில் தயங்கினார், பிறகு உள்ளே வந்து நாற்காலியில் அமர்ந்தார். தப்பைக் காய்ச்ச முற்றத்தில் தீ மூட்ட வேண்டியிருந்தது. பேரன் அன்று தப்பைத் தொடவில்லை; தொடும்படி நாமும் சொல்லவில்லை. ஆனால் எவரும் கேட்குமுன்பே, ஒரு கட்டுக் காய்ந்த மானாப்புல்லைச் சுமந்துகொண்டு வந்து தீயருகே போட்டவன் அவன்தான்.